கால் நனைக்கும் தொட்டி

மலையடிவாரத்து மடம் ஒன்றில் இரண்டு கூடுகள் இருந்தன. ஒன்றில் நாட்டுக்கோழிகள். மற்றதில், அன்பர் ஒருவர் கொண்டுவந்து விட்ட பெசன்ட் என்னும் நீண்ட வால் வண்ணக்கோழிகள். இரண்டையும் பார்த்துக்கொண்டவர் சடையப்பன். பஸ் கண்டக்டர் வேலையில் ஓய்வுபெற்றுச் சீடராக வந்தவர். மடத்தின் குருவான அடிகளைவிட ஒன்பது வயது மூத்தவர்.

ஆனி மாதம் பெசன்ட்கள் சாகத் தொடங்கின. பத்து நாளில் பதினொன்று போயின. மிச்சம் ஏழு.

பதினொன்றாவதாகச் செத்த பெசன்ட் சேவலோடு ஒரு நாள் காலை அவர் அடிகளிடம் வந்தார். தோளில் துணிப்பை.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"மக வீட்டுக்கு. என் கைராசி சரியில்லை, சாமி. மீதி ஏழு பறவையையாவது வேற யாராச்சும் பார்க்கட்டும்."

"இது நோஞ்சானா இருந்துச்சா?"

"இதுவா? நேத்து சாயங்காலம் என் கையில இருந்த தீனியைக் கொத்திக் கொத்தித் தின்னுச்சு. விடிஞ்சு பார்த்தா கட்டையாக் கிடக்குது."

அடிகள் துறவுக்கு முன் கால்நடை மருத்துவர். சேவலை அறுத்துப் பார்த்தார். இலந்தைப்பழம் அளவு இருக்கவேண்டிய மண்ணீரல் பெருநெல்லி போல வீங்கி, சலவைக்கல் மாதிரித் திட்டுத்திட்டாக இருந்தது. நுரையீரலில் நீர்.

"மூச்சு முட்டிச் செத்திருக்கு. கிருமி வேலை. காலையில நாய் கடிச்சுச் செத்த நாட்டுக்கோழி எங்கே?"

"அது எதுக்கு, சாமி? நல்ல கோழி. முட்டை போட்டுட்டுத்தான் நாய்கிட்ட மாட்டுச்சு."

"கொண்டாங்க."

அறுத்தார். நுரையீரல் சுத்தமாக இருந்தது. மண்ணீரல் மட்டும் வீங்கி, அதே திட்டுகளோடு இருந்தது.

"இதுக்கும் அந்தக் கிருமி இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஆனா கோழியை அது ஒண்ணும் பண்ணலை."

சடையப்பன் இரண்டு மண்ணீரலையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் சுத்தத்துல குறை வைக்கலையே. பெசன்ட் கூட்டை விட்டு வெளியே வந்தா, வாசல் தொட்டியில பிளீச்சிங் தண்ணியில கால் நனைக்காம ஒரு அடி வைக்கமாட்டேன். கோழிங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு."

மடத்தில் எல்லோரும் வெறுங்காலோடுதான் நடப்பார்கள்.

"காலையில முதல்ல எங்கே போவீங்க?"

"கோழிக்கூட்டுக்கு. எச்சத்தைப் பெருக்கி, தீனி வெச்சுட்டு நேரா பெசன்ட்கிட்ட."

அடிகள் எழுந்து போனார். பெசன்ட் கூட்டு வாசலில் இருந்த தொட்டியைத் தண்ணீர் தளும்பத் தளும்ப இழுத்துவந்து, கோழிக்கூட்டின் வாசலில் வைத்தார்.

"சாமி, அது நோய்க் கூட்டுக்கு வெச்ச தொட்டி!"

"அதனாலதான் இங்கே வெச்சேன்."

கோழி எச்சம் ஒட்டியிருந்த தன் பாதங்களைச் சடையப்பன் பார்த்தபடி நின்றார். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கினார்.