வாத்துக்கு இட்ட குலவை

பறவையும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், பனிமலைக்கு அப்பாலிருந்து வரும் வரித்தலை வாத்துகள் மட்டும் யாரிடமும் எதுவும் கேட்காது. வழி கேட்பது அவற்றுக்கு இழுக்கு.

ஒரு கார்த்திகையில் மேகம் பனையுயரத்துக்கு இறங்கி நின்றது. அவை இறங்க வேண்டிய குளம் தெரியவில்லை. அதைத் தவறவிட்டால் அப்புறம் கடல்தான். பின்னால் குஞ்சுகளின் சிறகோசை தளர்வதைக் கேட்ட தலைவாத்து, முதன்முறையாகக் கீழ்நோக்கிக் கத்தியது.

“குளம் எங்கே இருக்கிறது?”

நடவு வயலில் பெண்கள் நிமிர்ந்தார்கள்.

“கீழதான் இருக்கு. பெறவு மேலயா இருக்கும்?” என்றாள் பேச்சிமுத்து. எல்லோரும் சிரித்தார்கள்.

அருகில் நின்ற உலகம்மை சிரிக்கவில்லை. “இந்தா, இங்கன இருக்கு!” என்று கத்தினாள். சொல்லைக் காற்று பிய்த்துப் போட்டது. வாத்துகளின் குரல் கடல் பக்கம் நகர்ந்தது.

குலவைதான் அவ்வளவு உயரம் போகும். ஆனால் அம்மன் புறப்பாட்டுக்கும், கல்யாணப்பெண் வீட்டுக்குள் கால் வைக்கும்போதும் மட்டுமே குலவையிடலாம். வீணாக இட்டவளுக்கு அந்த ஊரில் யாரும் வேலை தரமாட்டார்கள்.

உலகம்மை நாற்றுமுடியைச் சேற்றில் போட்டுவிட்டு, நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள்.

வரப்பில் நின்ற நாட்டாண்மை பூதத்தான் திரும்பினார்.

“ஏளா, யாருக்குக் கல்யாணம்?”

“வாத்து வருதுய்யா.”

“வாத்துக்குக் குலவையா? பெறவு தவளைக்குத் தாலாட்டு பாடுவியோ? நாளையிலருந்து நீ வயல்ல எறங்கக் கூடாது.”

“நம்மள நம்பிக் கேட்டிருக்கு. கடல்ல விழட்டும்னு விட்டுட்டு நான் நாத்து நடணுமோ?”

மறுபடி குலவையிட்டாள். ஒற்றைக் குரல் மேகத்துக்குள் ஏறவில்லை. மூச்சு முட்டியது. அப்போது பேச்சிமுத்துவும் நாற்றைக் கீழே போட்டுக் குலவையிட்டாள். பிறகு வரிசை முழுவதும்.

மேகத்தின் அடியில் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது. அதில் இரண்டு கறுப்பு வரிகள். பின்னால் பெருங்கூட்டம். கடைசிக் குஞ்சும் தண்ணீரில் இறங்கியபின் தலைவாத்து கரையேறி வந்தது.

“கூப்பிட்டது யார்?”

உலகம்மைக்குத் தொண்டை கட்டியிருந்தது. பூதத்தான் குளத்தைப் பார்த்தார். அது இதுவரை அப்படிப் பறவைகளால் நிறைந்ததில்லை.

“எங்க ஊருப் பொண்ணுக,” என்றார். நெஞ்சு தானாக நிமிர்ந்தது. “இவ பேரு உலகம்மை. நாளைக்கும் இங்கதான் நிப்பா.”

வடக்கு வானில் முதல் வரிசை தெரிந்ததும் அந்தக் குளக்கரைப் பெண்கள் யாரையும் கேளாமல் குலவையிடுவது அன்று தொடங்கியதுதான். வழி நன்றாகத் தெரிந்திருந்தும், அந்தக் குரல் கேட்கும்வரை வாத்துகள் வானத்திலேயே வட்டமிடுவதும் அன்று முதல்தான்.