மூக்கன் வெட்டிய வாய்க்கால்

ஒரு மலைக்காட்டில், மூன்று புறமும் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில், ஒரு சதுப்பு நிலம் இருந்தது. சுற்றிலும் நின்ற மரங்கள் உதிர்த்த இலைகள் காலங்காலமாக அதில் விழுந்து, நீருக்கடியில் மக்கியும் மக்காமலும் கிடந்து, கரிபோலக் கறுத்த சேறாகியிருந்தன.

அதன் கரையில் மூக்கன் என்றொரு காட்டுப்பன்றி வாழ்ந்தது. மண்ணைக் கிளறுவதில் அந்தக் காட்டிலேயே அதற்கு இணை கிடையாது. பசித்தால் கிளறும், கோபம் வந்தால் கிளறும், பொழுது போகாவிட்டாலும் கிளறும். யோசிப்பது மட்டும் அதற்குப் பழக்கமில்லை.

ஒரு கோடையில் மேட்டு நிலமெல்லாம் இறுகிப் போய், கிழங்கு கிடைப்பது அரிதாயிற்று. வயிறு ஒட்டிப்போய் அலைந்த மூக்கனின் பக்கத்தில் ஒரு நரி வந்து உட்கார்ந்தது. சதுப்பின் நடுத்திட்டில் நீர்க்கோழி ஒன்று கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. அந்த முட்டைகளின் மேல் நரிக்கு ஆசை. சேற்றில் புதைந்துவிடுவோமோ என்று பயம்.

முட்டையைப் பற்றி நரி மூச்சே விடவில்லை. சேற்றுக்கடியில் கோரைக்கிழங்கு கொத்துக் கொத்தாக இருக்கிறது, தாழ்ந்த பக்கத்துக் கரையை வெட்டி நீரை வடித்துவிட்டால் அத்தனையும் மூக்கனுக்குத்தான் என்று சொன்னது.

"உன் பலத்துக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றும் கேட்டது. மூக்கனுக்கு அது போதும். உடனே எழுந்து கரையைக் கிளறத் தொடங்கியது.

நீர்க்கோழி பதறிப் பறந்து வந்தது.

"வெட்டாதே, மூக்கா. மரங்கள் காற்றிலிருந்து உறிஞ்சிய கரியெல்லாம் இலையாக உதிர்ந்து இந்தச் சேற்றுக்குள்தான் அடங்கிக் கிடக்கிறது. நீர் நிற்கும்வரை இது சேறு. காய்ந்தால் விறகு."

"சேறு எங்காவது எரியுமா?" என்று சிரித்துவிட்டு மூக்கன் மறுபடி குனிந்துகொண்டது.

வாய்க்கால் வழியே நீர் வடிந்து, சரிவில் ஓடி மறைந்தது. கிழங்கு இருந்தது உண்மைதான். ஆனால் அது மூக்கனின் பாதி வயிற்றுக்குக்கூடக் காணவில்லை. சேறு இறுகி நரியின் கால்களைத் தாங்கத் தொடங்கிய அன்றே கூட்டிலிருந்த முட்டைகள் மறைந்துபோயின. நரி எதற்காக வந்து தன் பக்கத்தில் உட்கார்ந்தது என்பது மூக்கனுக்கு அப்போதுதான் விளங்கியது. அதன் பிறகு நீர்க்கோழி இருக்கும் பக்கம் போகவே அதற்குக் கூசியது.

கோடை முடியும் தறுவாயில் மழையில்லாமல் ஓர் இடி விழுந்து, குன்றின் புல் பற்றிக்கொண்டது. புல்லில் எழுந்த தீ சடசடவென்று ஓடித் தானே அவிந்தது. சதுப்பில் இறங்கிய தீயோ அவியவில்லை. சுடர் தெரியாமல், சத்தமும் இல்லாமல், காய்ந்த சேற்றுக்குள் புகுந்து உள்ளேயே கனன்றது. பள்ளம் முழுவதும் புகை நிறைந்தது. மான் குட்டிகள் இருமி இருமிச் சோர்ந்தன. யானைகள் குன்றைத் தாண்டிப் போய்விட்டன.

இன்னொரு கூட்டைத் தேடி நடுத்திட்டுக்குப் போன நரியின் காலடியில் மண் பொக்கென்று உள்வாங்கியது. கீழே தணல். வெந்த பாதங்களோடு நொண்டிக்கொண்டு அது அந்தக் காட்டை விட்டே போயிற்று.

மூக்கனும் ஓடியிருக்கலாம். ஓடத்தான் கிளம்பியது. ஆனால் வழியில் தான் வெட்டிய வாய்க்கால் குறுக்கிட்டது. குன்றின் அடியில் சுரந்து சதுப்புக்கு வரும் ஓர் ஊற்றின் நீர் மெல்லிய இழையாக அதன் வழியே வீணாக வெளியேறிக்கொண்டிருந்தது. மூக்கன் நின்றது. வாழ்நாளில் முதல் முறையாக வெகுநேரம் யோசித்தது.

பிறகு ஒரு பாறாங்கல்லை முட்டித் தள்ளி வாய்க்காலில் உருட்டிவிட்டது. அடுத்து இன்னொரு கல். மண் சுட்டது, மூக்குத் தோல் கொப்பளித்தது. நிமிர்ந்து பார்த்தால், நீர்க்கோழி கோரைத் தாள்களை அலகில் கவ்வி வந்து கல்லிடுக்குகளில் செருகிக்கொண்டிருந்தது.

"உன் முட்டைகள் என்னால்தான் போயின. நீ ஏன் வந்தாய்?" என்று மூக்கன் தயங்கிக் கேட்டது.

"அதைப் பிறகு பேசலாம். அந்தக் கல்லை இந்தப் பக்கம் தள்ளு."

கரை அடைபட்டது. ஊற்று நீர் தேங்கி, விரல் விரலாக உயர்ந்து, வெடிப்புகளுக்குள் இறங்கியது. சீறிச் சீறிப் புகை அடங்கியது. பின்னால் வந்த மழை மிச்சத்தையும் அவித்தது. ஆனால் சதுப்பின் நடுவில் சேறு பெரிய குழியாக அமிழ்ந்திருந்தது. அங்கே இருந்ததெல்லாம் புகையாகி வானத்துக்குப் போயிருந்தது.

"இது எப்போது பழையபடி நிரம்பும்?" என்று மூக்கன் கேட்டது.

"இலை விழவேண்டும். அதன்மேல் இன்னோர் இலை விழவேண்டும். நீர் வற்றாமல் இருக்கவேண்டும்."

"நான் இருக்கும்போதே நிரம்பிவிடுமா?"

"நிரம்பாது," என்றது நீர்க்கோழி.

மூக்கன் கரையை நோக்கித் திரும்பியது. கரையில் ஓரிடத்தில் நீர் கசிவதைக் கண்டு, எழுந்துபோய் அதை அடைத்தது. அன்று முதல், உயிரோடிருந்த நாளெல்லாம் அதுவே அதன் வேலையாயிற்று.

நீதி: காடு மண்ணுக்குள் அடக்கி வைத்ததைக் கலைக்க ஒரு கோடை போதும்; திரும்பச் சேர்க்க ஓர் ஆயுள் போதாது.