வைக்கோல் நிறம் வராத அச்சு

ஒரு ராஜா இருந்தார். இந்த மாதிரிக் கதையில் எப்பவும் ஒருத்தர் இருப்பார், ஆனா இதில் அவருக்கு வேலை கம்மி. அவருக்கு முடிசூட்டு விழா. அன்றைக்கு நல்ல நேரம் முடிவதற்குள் அவர் பேரில் முதல் காசு அடித்தாகணும். அவ்வளவுதான் அவர் பங்கு. கதை செங்கோடனுடையது.

கோட்டைக்குப் பின்னால் சின்னக் காசுப் பட்டறை. எஃகு அச்சுகளுக்குத் தோய்ச்சல் போடுகிறவன் செங்கோடன். அதாவது, காசில் பதிய வேண்டிய மயில் சின்னம் செதுக்கின அச்சை உலையில் பழுக்க வைத்து, தண்ணீரில் முக்கி, இறுக வைப்பான். அதோடு முடியாது. முக்கின அச்சு கடினம்தான், ஆனா அடித்தால் கண்ணாடி மாதிரி சிதறும். அதைத் தேய்த்து வெள்ளையாக்கி, மறுபடி கனலோரம் வைத்து, வைக்கோல் நிறம் படரும்வரை காத்திருக்கணும். அப்போதுதான் அடி தாங்கும்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். புது அச்சின் மேல் முதல் அடி விழும்போது, தோய்ச்சல் போட்டவன்தான் அதைக் கையில் பிடிக்கணும். அவன் வேலைக்கு அவன் உடம்பே பிணை.

செங்கோடனிடம் மூன்று அச்சு வந்தது. முதல் அச்சை அதிகமாகக் காய்ச்சிவிட்டான். தண்ணீரில் முக்கியதும் டக்கென்று விரிசல். இரண்டாவதைப் பயந்து பயந்து காய்ச்சினான். அரம் போட்டதும் வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வந்தது. மூன்றாவது சரியாக வந்தது. அரம் கடிக்காமல் வழுக்கியது. தேய்த்தான், வெள்ளி மாதிரி மின்னியது. கனலோரம் வைக்கப் போனான், வாசலில் மேளச் சத்தம், ராஜாவும் மந்திரியும் வந்துவிட்டார்கள்.

"அச்சு ஆச்சா?" என்றார் மந்திரி. "நேரம் போகுது."

கொஞ்சம் பொறுங்க என்று சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே இரண்டை வீணாக்கினவன் வாயில் அது வரவில்லை. "ஆச்சுங்க" என்றான்.

சொன்ன பிறகுதான் தன் கையைப் பார்த்தான். பக்கத்தில் ஆவுடையான் நின்றிருந்தான். தங்கச்சி புருஷன், முதல் அடிக்குப் பிறகு தினமும் அச்சுப் பிடிப்பவன் அவன்தான்.

"மாப்ளே, எனக்குக் கை நடுங்குது. இன்னிக்கு முதல் அடிக்கும் நீயே பிடி."

"ராஜாவைப் பார்த்ததும் மச்சானுக்குக் குளிர் வந்துடுச்சா?" என்றான் ஆவுடையான். "குடு இப்படி. ராஜா காசு என் கையாலதான் வந்துச்சுன்னு உன் தங்கச்சிகிட்ட பெருமை அடிச்சுக்கிறேன்."

அவன் அச்சின் நிறத்தைப் பார்க்கவில்லை. மச்சானைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நேரம் போகிற அவசரத்தில் வழக்கத்தை யாரும் கேட்கவில்லை. சம்மட்டி விழுந்தது. அச்சு சிதறியது. ஒரு சில்லு ஆவுடையானின் வலது கண்ணில் போய் ஏறியது.

"கோணலாப் பிடிச்சிருக்கான்" என்றார் மந்திரி. ஆவுடையானுக்குக் கண்ணோடு வேலையும் போனது.

ராஜா முன்னால் செங்கோடன் வாயைத் திறந்தான். மந்திரி திரும்பிப் பார்த்தார், மூடிக்கொண்டான். தங்கச்சி வெள்ளையம்மா வந்து, "அவர் கை தவறாதே அண்ணே, என்னதான் நடந்துச்சு?" என்று அழுதபோது மறுபடி திறந்தான். "விதிம்மா" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டான். விதி பாவம், திருப்பிப் பேசாது.

மூன்றாவது தடவை சொன்னான். ஆனா அதற்குள் தலை நரைத்துவிட்டது. ஆவுடையான் சந்தையில் கயிறு திரித்து விற்றுக்கொண்டிருந்தான். செங்கோடன் எதிரே போய் உட்கார்ந்தான்.

"மாப்ளே, அன்னிக்கு நான் ரெண்டாவது சூடு காட்டல. தெரிஞ்சேதான் உன் கையில குடுத்தேன்."

ஆவுடையான் கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தான். "தெரியும் மச்சான். கண்ணுலேருந்து எடுத்த சில்லைக் காட்டினாங்க. வெள்ளையா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"நீ வந்து சொல்லுவேன்னு இருந்தேன். அப்பவே வந்திருந்தா வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம்." கயிற்றின் நுனியை முடிந்து வைத்தான். "இப்ப எனக்குத் திட்டக்கூட வரல."

கயிறு வாங்க ஒருத்தர் வந்தார். அவருக்கு வழிவிட்டு செங்கோடன் எழுந்து நின்றான். அவனை உட்காரச் சொல்ல யாருமில்லை.

கேட்டவங்களே, நீதி இதுதான்: உங்க தப்புக்கு விழப்போற அடியை அடுத்தவன் கையில் கொடுத்துட்டு உண்மையைத் தாமதமாச் சொன்னா, கேட்க ஆள் இருப்பான், மன்னிக்க இருக்க மாட்டான்.