லைனைத் தின்றது யார்?

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் என் மீசையை மழித்துவிடுங்கள்.

பனியன் கம்பெனி முதலாளி செங்கோட்டுவேலின் மகன் ஆன்லைன் கேமில் சுட்டால், அவன் செத்த பிறகுதான் குண்டு கிளம்பும். வீட்டு வைஃபையில் அவ்வளவு லேக், அதாவது தாமதம்.

"வீட்டு வேலைக்காரக் கும்பல் போன்ல படம் பார்த்தே வைஃபையைத் தின்னுது. இன்னிக்குள்ள சரியாகலைன்னா எல்லாரும் வெளியே!" என்றார் முதலாளி.

சமையல்காரி தெய்வாத்தாள் அத்தனை பேர் போனையும் அணைத்து அவர் முன்னால் வைத்தாள். அப்போதும் லேக் போகவில்லை.

"ஏனுங்க, சமையல்கட்டு, கொல்லை, கக்கூஸ் வாசல்னு எங்களைப் படம் புடிச்சு உங்க போனுக்கு அனுப்புதே கேமரா, அதையும் நிறுத்திப் பாருங்களேன்."

நிறுத்தினார். உள்ளே பையன் "ஜெயிச்சுட்டேன்!" என்று கத்தினான்.

"நெட் லைனைத் தின்னது எங்க வாயில்லீங்க, உங்க கண்ணு."

முதலாளி நன்றாக யோசித்தார். மறுநாளே எல்லோரையும் வேலையிலிருந்து நிறுத்தினார். கண்காணிக்க வேலைக்காரரே இல்லாத வீட்டுக்குக் கேமரா எதற்கு?

யார் சொன்னது என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். என் மருமகன் அவர் கம்பெனியில்தான் தைக்கிறான்.