ஏழாவது பாட்டு தொடங்கும் இடம்

"ஆறும் போச்சு டீச்சர்" என்றார் ஏகாம்பரம்.

அவர் மிருதங்கம் வாசிப்பவர். அறுபதைத் தாண்டியவர். ஒலிப்பதிவு கற்றுக்கொள்ள வந்தவர்களில் அவர்தான் மூத்தவர். கற்றுக்கொடுக்கும் ஷாஹினாவுக்கு அவருடைய கடைசி மகள் வயதுகூட இருக்காது.

"எது ஆறு, சார்?"

"கோமளவல்லியம்மா பாடினது. மொத்தம் ஏழு. மெமரி கார்டு கெட்டுப்போய், எதைத் திறந்தாலும் ஸ்ஸ்ஸுன்னு இரைச்சல். நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி இரைச்சலை எடுத்தேன்."

"எடுத்ததும்?"

"ஒண்ணுமே இல்லை. சுத்தமா இருக்கு."

"அவ்வளவு சுத்தமா?"

"கேலி பண்ணாதீங்க டீச்சர்."

"எடுக்கறதுக்கு முன்னால இருந்தது?"

"அதுமேலயே சேவ் பண்ணிட்டேன்."

அதை மட்டும் செய்யக்கூடாது என்பது முதல் வகுப்பின் முதல் பாடம். ஷாஹினா அதை நினைவுபடுத்தவில்லை. எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார்.

"அவங்களே மெட்டு போட்ட பாட்டு எல்லாம். வேற யாரும் பாடினதில்லை. பதிவு முடிஞ்ச அடுத்த வாரம் தொண்டையில ஆபரேஷன். இப்போ குரல் கரகரன்னு ஆயிடுச்சு. அந்தப் பழைய குரல் இருந்தது இதுல மட்டும்தான்."

"நீங்க இன்னும் சரிபண்ணாதது எது?"

"ஏழாவது. அதைத் தொடக் கை வரலை."

ஷாஹினா அந்த ஏழாவதைத் திறந்தார். ஹெட்போனை எடுத்து ஏகாம்பரத்தின் காதில் மாட்டினார்.

"எனக்கு எதுக்கு? நான்தான் கேட்டுட்டேனே."

"கேட்டீங்களா? இல்லை, இரைச்சலை எடுக்கணும்னே பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?"

ஷாஹினா அதை ஓடவிட்டார்.

சூடான புரோட்டாக்கல்லில் தண்ணீர் தெளித்தது மாதிரி இரைந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் சுளிப்பு போயிற்று.

"டீச்சர், இது ஒரே மாதிரி இல்லை."

"அப்படியா?"

"ஓரிடத்துல மெலியுது. அப்புறம் பெருகுது. கரண்டு ஏத்த இறக்கமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் அங்கே இல்லையே."

"திரும்ப வைங்க."

கண்ணை மூடிக்கொண்டார். இரைச்சல் மெலிந்தது. பெருகி, நீண்டு, மறுபடி மெலிந்தது.

அவருடைய வலது கை மேசையில் ஓர் அடி போட்டது. டீக்கிளாஸ் குதித்தது.

"என்ன சார்?"

ஏகாம்பரம் தன் கையையே பார்த்தார்.

"அங்கேதான் நான் சேர்ந்துக்குவேன். ரெண்டாவது மூச்சுக்கு அப்புறம். அம்மா அந்த இடத்துல நிறுத்தி என்னைப் பார்ப்பாங்க."

"அப்போ பாட்டு?"

"உள்ளே இருக்கு." தலையை ஆட்டினார். "உள்ளேன்னு இல்லை. இந்த இரைச்சல்தான் அது."

ஷாஹினா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாட்டு ஆரம்பிக்கிற இடத்தைத் தாளத்துல அரை எண்ணிக்கை தள்ளிப் பிடிச்சா என்ன ஆகும்?"

"கடைசி வரைக்கும் எல்லாம் தப்பாத்தான் விழும்."

"பாட்டு கெட்டுப்போச்சா?"

"அது எப்படிக் கெடும்? நான் பிடிச்ச இடம்தானே..."

நிறுத்திக்கொண்டார்.

"கார்டு கெட்டதுல ஃபைலோட முன்குறிப்பு மட்டும் போயிருக்கு சார். எங்கே ஆரம்பம்னு கம்ப்யூட்டருக்குத் தெரியலை. அதுபாட்டுக்கு ஒரு துணுக்கு முன்னாலிருந்து படிக்குது."

திரையில் 'எங்கிருந்து தொடங்க?' என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தது.

"ஒண்ணுன்னு போடுங்க."

போட்டார்.

கோமளவல்லியம்மா பாடினார்.

 பாட்டு முடிந்ததும் ஏகாம்பரம் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஆறும் இப்படித்தான் இருந்திருக்கும்."

"ஆமாம்."

"நானே துடைச்சுட்டேன்."

"ஆமாம்."

"மீட்க வழியே இல்லையா டீச்சர்?"

"இல்லை."

தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. யாரோ "வா, வா, வா, போதும்" என்று கத்தினார்கள்.

"அம்மா இப்போ பாடறதே இல்லையா?" என்று கேட்டார் ஷாஹினா.

"ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள்ல, 'வந்து பாடிப் பார்க்கட்டுமா'ன்னு கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னேன். சிரமப்படாதீங்க, பழசே நல்லாயிருக்குன்னேன்."

"பாடச் சொல்லிக் கேட்டீங்களா?"

"அதான் சொன்னேனே, கரகரன்னு..."

"பாடச் சொல்லிக் கேட்டீங்களா, சார்?"

"அவங்க பேசித்தான் கேட்டேன்."

ஷாஹினா அவருடைய போனை எடுத்து அவர் முன்னால் நகர்த்தி வைத்தார். காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

ஏகாம்பரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்துக் கோமளவல்லியம்மாவை அழைத்தார்.

"என்ன, கிடைச்சுதா?" உப்புத்தாள் தேய்ப்பது மாதிரி இருந்தது குரல்.

"ஒண்ணு கிடைச்சுதும்மா. மத்த ஆறும் இல்லை. கார்டு கெட்டதால இல்லை. நான்தான் அழிச்சுட்டேன்."



"பாவி மனுஷா" என்றார் கோமளவல்லியம்மா.

"ஆமாம்மா."

"இதைச் சொல்லவா போன் பண்ணினீங்க?"

"அந்த ஆறையும் நீங்க பாடணும்."

"இந்தத் தொண்டையிலயா?"

"இந்தத் தொண்டையிலதான்."

மறுமுனையில் லேசான இரைச்சல் மட்டும் கேட்டது. 'லைனில் இருக்கீங்களா' என்று ஏகாம்பரம் கேட்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"வச்சுடாதீங்க" என்றது அந்தக் குரல். "சுருதிப்பெட்டியைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். ஸ்டூல் எடுத்துட்டு வரேன்."