கொக்குமடை ராஜ்ஜியத்தில் ஒரு கழுதைப் படம்

கொக்குமடையில் செங்கல் அறுக்கும் பூவலிங்கத்தின் கழுதை காணாமல் போனது. அதுவும் எந்த நேரத்தில்? வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, களத்தில் இன்னும் சுடாத பச்சைக்கல் காய்ந்து கிடக்கிறது. மழைக்கு முன்னால் சூளைக்குள் ஏற்றாவிட்டால் அத்தனையும் பழையபடி சேறுதான்.

பூவலிங்கம் மையைத் தொட்டு ஒரு தாளில் கழுதையை வரைந்தார். கீழே, 'காணவில்லை. நன்றாகச் சுமக்கும். ஒரு காது மடங்கியிருக்கும்' என்று எழுதிச் சந்தைச் சுவரில் ஒட்டினார்.

செய்தி அரண்மனைக்கு எட்டியது. "சுவத்துல உள்ள படத்தை உடனே கொண்டு வாங்க" என்றார் ராஜா. காவலர்கள் சுவரையே பெயர்த்து, படம் கசங்காமல் சுவரோடு தூக்கி வந்தார்கள். பூவலிங்கத்தையும் இழுத்து வந்தார்கள்.

சபை கூடியது. மந்திரி அகோரமூர்த்தி படத்தை மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ராஜத்துரோகம். 'காணவில்லை'ன்னா ராஜா ஜனங்களை வந்து பார்க்கறதில்லைன்னு அர்த்தம். காது மடங்கியிருக்குன்னா ஒருதலைப்பட்சமா நியாயம் சொல்றாராம்."

"நன்றாகச் சுமக்கும்னு இருக்கே?" என்றார் ராஜா ஆவலாக.

"ராஜ்ய பாரத்தைச் சொல்றான், மகாராஜா. அது ஒண்ணுதான் பாராட்டு."

பூவலிங்கம் பதறினார். "ஐயா, சத்தியமா அது கழுதைங்க!"

"கழுதைன்னு ஏன் எழுதலை?"

"பார்த்தாலே தெரியுமேன்னு விட்டுட்டேன்."

"எங்களுக்கும் பார்த்தாலே மகாராஜான்னு தெரிஞ்சுதே!" என்றார் மந்திரி. சபை கைதட்டியது. படத்தில் இருப்பது மகாராஜாதான் என்று தீர்மானமும் போட்டார்கள்.

ராஜாவுக்கு மட்டும் மூக்கு விஷயத்தில் லேசாகச் சந்தேகம். "படத்துல இருக்கறவரையே கூட்டிட்டு வாங்க, ஒப்பிட்டுப் பார்த்துடுவோம்" என்றார்.

காவலர்கள் ஊரெல்லாம் தேடிக் கழுதையைப் பிடித்து வந்தார்கள். பூவலிங்கத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கயிற்றைப் பிடிக்கப் போனவரை மந்திரி தடுத்தார்.

"தொடாதே! படத்துல இருக்கறது மகாராஜா. படத்துல இருக்கறது இவர். அப்போ இவர்தான் மகாராஜா."

சபை எழுந்து கும்பிட்டது. கழுதை நேராகச் சுவரிடம் போய், படத்தைக் கிழித்து நிதானமாகத் தின்றது.

"மகாராஜா வழக்கைத் தள்ளுபடி செஞ்சுட்டார்" என்று அறிவித்தார் மந்திரி. "நீ போகலாம்."

"வெறுங்கையோட போய் என்ன பண்றது? என் கல்லெல்லாம் கரைஞ்சுடுமே!"

வெளியே இடி உறுமியது. அதுவரை ராஜாவாக இருந்தவர் கிரீடத்தைக் கழற்றி மந்திரியிடம் கொடுத்தார். சபைத் தீர்மானத்தை மீறி அவருக்குப் பழக்கமில்லை.

"கணக்குப் பார்த்தா இவனுக்கு ஒரு கழுதை குறையுது. இங்க எனக்கும் வேலை இல்லை" என்றபடி பூவலிங்கத்தின் பக்கம் வந்து குனிந்து முதுகைக் காட்டினார்.

மழை விழுமுன் கடைசிக் கல்லும் சூளைக்குள் ஏறிவிட்டது. பூவலிங்கம் நெகிழ்ந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ரொம்ப உபகாரம் மகாராஜா. குடிசைக்குள்ள வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம்."

பழைய ராஜாவின் முகம் சுருங்கிவிட்டது.

"உள்ள கூப்பிடறியே, உனக்கு அறிவிருக்கா? கழுதையை யாராவது வீட்டுக்குள்ள விடுவாங்களா? முளைக்குச்சி எங்க இருக்குன்னு சொல்லு, நானே கட்டிக்கறேன்."