பதினொரு வாய் பாக்கி

சடையாண்டிக்கு முதலில் அநியாயம் செய்தவன் வியாபாரி தனபால்தான். ஊரில் கேட்டால் ரேஞ்சர் மேல் பழி போடுவார்கள். நம்ப வேண்டாம்.

கருங்கல்லோடையில் ஒரு பட்ட இலுப்பை மரம். அதன் பொந்தில் உள்ளங்கை அகல மயிர்ச்சிலந்தி ஒன்று இருந்தது. ரேஞ்சர் வந்து சடையாண்டி, பேயாண்டி, காரைமுத்து மூவரையும் காவலுக்கு வைத்தார்.

"இந்த இனமே அழிஞ்சுட்டு வருது. வெளிநாட்டுல கண்ணாடித் தொட்டியில வளர்க்க இதைத் திருடி அனுப்புறாங்க. உங்க ஆட்டைப் பார்க்கிற மாதிரி பாருங்க. யாருக்கும் விக்கக் கூடாது. காணாமப் போச்சு, உங்க மூணு பேரையும் உள்ள வச்சுருவேன்."

மூவருக்கும் ஆடு மேய்ப்பதுதான் தொழில். மறுநாளே சிலந்திக்கு மணி கட்டப் போனார்கள்.

"கழுத்தக் காணமே?" என்றான் பேயாண்டி.

"எட்டுக் காலுக்கே எடம் பத்தல. கழுத்த எங்க வைக்கும்?" என்றான் காரைமுத்து.

வெகுநேரம் யோசித்து, மணியைப் பேயாண்டி கழுத்தில் கட்டி, அவனை மரத்தடியில் உட்கார வைத்தார்கள்.

அகத்திக்கீரை வைத்தார்கள். அது தொடவில்லை.

"செனையா இருக்கும்" என்றான் சடையாண்டி. அன்றிலிருந்து மூவரும் சத்தம் போட்டுத் தும்மவில்லை.

அப்போதுதான் தனபால் வந்தான். தோளில் பை, கையில் பிளாஸ்டிக் டப்பா.

"இதைக் குடுங்கண்ணே."

"விக்கக் கூடாதுன்னு ரேஞ்சர் உத்தரவு."

"விலைக்கா கேட்டேன்? சும்மா குடுங்க."

மூவரும் தள்ளிப் போய்க் கூடிப் பேசினார்கள்.

"குடுக்கக் கூடாதுன்னு சொன்னாரா?"

"சொல்லல."

"அப்பக் குடுத்துத்தானே ஆகணும்?"

சடையாண்டிக்குக் கொடுக்க மனமில்லை. ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். ஒன்று மட்டும் விடமாட்டான். ஆடு கைமாறும்போது வாங்குகிறவன் அதன் வாயைத் திறந்து, வயதறியப் பல்லை எண்ணிச் சொல்ல வேண்டும். எண்ணாமல் அந்த ஊரில் ஒரு குட்டிகூடக் கைமாறியதில்லை.

"பல்லுப் பாத்துச் சொல்லிட்டுக் கொண்டு போங்க."

"பூச்சிக்கு ஏதுய்யா பல்லு?"

"வாயிருக்குல்ல? வெரல விட்டுப் பாருங்க."

இந்தப் பைத்தியங்கள் மனம் மாறுவதற்குள் காரியத்தை முடிக்க நினைத்த தனபால், பேருக்கு விரலை நீட்டினான்.

அவன் போட்ட அலறலில் பேயாண்டியின் மணி தானாக அடித்தது. சிலந்தி பொந்துக்குள் போய்விட்டது. தனபால் வீங்கிய கையோடு சரிவில் உருண்டோடி, கீழே நின்ற ஜீப்பில் ஏறி, "ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி!" என்று கதறினான். அது ரேஞ்சரின் ஜீப். பையில் இன்னும் பதினொரு டப்பாக்கள், டப்பாவுக்கு ஒரு சிலந்தி.

தனபாலைக் கைது செய்து, பதினொன்றையும் அதே காட்டில் விட்டுவிட்டு, ரேஞ்சர் சால்வையோடு வந்தார். சடையாண்டி கழுத்தை நீட்டவில்லை.

"சால்வை கெடக்கட்டும் சாமி. எத்தனை பல்லுன்னு சொன்னானா?"

"கையில ரெண்டு ஓட்டை இருக்குய்யா."

"ரெண்டு பல்லு. எளங்குட்டிதான்" என்று சடையாண்டி குறித்துக்கொண்டான். பிறகு முகம் கறுத்தது. "அப்ப அந்தப் பதினொண்ணையும் பல்லுப் பாக்காமலா பையில போட்டான்? நம்ம காட்டுக்கே அவமானமில்ல?"

தண்டனை முடிந்த அன்று தனபால் ஜெயில் வாசலுக்கு வந்தான். எதிரே மூவரும் நின்றார்கள்.

"வாங்க தம்பி" என்றான் சடையாண்டி. "பதினொண்ணும் காட்டுலதான் இருக்கு. ஒவ்வொண்ணா வெரல விட்டு எண்ணிச் சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க."

தனபால் திரும்பி உள்ளே ஓடி, வார்டன் காலைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தச் சொன்னான்.

சடையாண்டி இன்னும் வாசலில்தான் நிற்கிறான். பதினொரு வாயும் பாக்கி.